சுவர் ஏறுகிறவர் மூச்சும் தரை கூட்டுகிறவர் மூச்சும்

உடற்பயிற்சி உடம்புக்கு நல்லது என்பதில் இரண்டு கருத்துக்கு இடமில்லை. ஆனால் பயிற்சி செய்கிற இடத்தின் காற்று எப்படி இருக்கிறது என்று கேட்கும் வழக்கம் இன்னும் வரவில்லை. வியர்வை சிந்தினால் போதும், ஆரோக்கியம் தானாக வந்துவிடும் என்று பலரும் நினைக்கிறார்கள். அந்த நினைப்பை அசைத்துப் பார்க்கும் ஆராய்ச்சி ஒன்று 2025-ம் ஆண்டில் ஐரோப்பாவில் வெளியாயிற்று. ஆஸ்திரியாவின் வியன்னா பல்கலைக் கழகமும், சுவிட்சர்லாந்தின் லோசான் நகரத் தொழில்நுட்பக் கழகமும் சேர்ந்து நடத்திய ஆராய்ச்சி அது. நான்கு சுவருக்குள் செயற்கைப் பாறை அமைத்து, அதில் ஏறிப் பழகும் கூடங்களின் காற்றை அந்த நிபுணர்கள் சோதித்தார்கள். பெரிய நகரங்களில் வாகனங்கள் வரிசை கட்டி ஓடும் அகலச் சாலைகளின் ஓரத்தில் இருக்கும் அளவுக்கு ரப்பர் ரசாயனம், சில கூடங்களின் காற்றில் இருந்தது!

பெங்களூர்க்காரருக்கு விளங்கும்படி சொன்னால், ஆரோக்கியத்துக்காகப் பணம் கட்டி உள்ளே போகிறவர், ஒரு வகையில் சில்க் போர்டு சந்திப்பில் நின்று மூச்சு வாங்குவதைப் போன்றது இது. பணம் கட்டிப் போகிறவர் பாடு இப்படி என்றால், சம்பளத்துக்காக அதே கூடத்தில் நாள் முழுவதும் நிற்கிறவர் பாடு என்ன? இந்தக் கேள்வியைக் கேட்க ஆள் இல்லை.

நகரத்துக்கு வந்த பாறை

பாறை ஏறுவது கர்நாடகத்துக்குப் புதிதல்ல. ராமநகரத்துக் குன்றுகளிலும், பாதாமியின் செம்பாறைகளிலும், ஹம்பியின் உருண்டைப் பாறைகளிலும் உள்நாட்டு, வெளிநாட்டு இளைஞர்கள் ஏறிப் பழகுகிறார்கள். சித்திரதுர்க்கக் கோட்டைச் சுவரில் கயிறும் இல்லாமல் கருவியும் இல்லாமல் வெறுங்கையால் ஏறிக் காட்டிப் பெயர் பெற்ற ஜோதிராஜ், தமிழ்நாட்டில் பிறந்தவர்.

வேலை நாளில் ராமநகரம் போய்வர எல்லோருக்கும் நேரம் ஏது? ஆகவே பாறையே நகரத்துக்கு வந்தது. இங்கிலாந்தில் லீட்ஸ் பல்கலைக் கழகத்தில் 1964-ல் எழுப்பிய ஏறுசுவர், இந்த வகையில் ஆரம்ப காலத்தது. ஒட்டுப்பலகையால் சாய்வும் சரிவுமாகச் சுவர் அடித்து, அதில் பிளாஸ்டிக் பிடிகளைத் திருகி, கீழே கனத்த மெத்தை போடுகிறார்கள். கயிறில்லாமல் ஏறும் சுவர் சுமார் நான்கு, நாலரை மீட்டர் உயரம். விழுந்தால் மெத்தையில் விழலாம். 2018 ஜகார்த்தா ஆசிய விளையாட்டிலும், 2021-ல் நடந்த டோக்கியோ ஒலிம்பிக்கிலும் இந்த விளையாட்டு இடம் பெற்ற பிறகு மவுசு கூடிவிட்டது. பெங்களூரிலும் மும்பையிலும் 'கிளைம்பிங் ஜிம்' என்ற பெயரில் கூடங்கள் வந்திருக்கின்றன. கம்ப்யூட்டர் கம்பெனி இளைஞர்களும் பள்ளிப் பிள்ளைகளும் போகிறார்கள். நல்ல விளையாட்டுத்தான். கை, கால், முதுகு, மனம் எல்லாவற்றுக்கும் வேலை தருகிறது. குறை விளையாட்டில் இல்லை. அடைத்து வைத்த காற்றில் இருக்கிறது.

வெள்ளைப் பொடி

ஏறுகிறவர் கை வியர்த்தால் பிடி வழுக்கும். அதற்காக இடுப்பில் ஒரு சிறு பை. அதில் வெள்ளைப் பொடி. பள்ளிக்கூடத்துச் சாக்பீஸ் மாவு மாதிரி தெரியும். ஆனால் அது மக்னீசியம் கார்பனேட் வகை. ஜிம்னாஸ்டிக்ஸ்காரர்களும் பளு தூக்குகிறவர்களும் வெகுகாலமாகப் பயன்படுத்தியது. அமெரிக்க ஜிம்னாஸ்டிக்ஸ் வீரரான ஜான் கில் 1950-களில் அதைப் பாறை ஏற எடுத்துப் போனார். பிறகு உலகமெங்கும் பரவிவிட்டது.

பையில் கைவிட்டு எடுத்து, உள்ளங்கையில் தேய்த்து, தட்டி உதறும்போது ஒரு சிறு மேகம் கிளம்பும். திறந்த பாறையில் அதைக் காற்று கொண்டுபோய்விடும். பெங்களூர் கண்டீரவா விளையாட்டரங்க வளாகத்தில் உள்ள ஏறுசுவர் போன்ற திறந்தவெளிச் சுவரிலும் அப்படியே. மூடிய கூடத்தில் அது எங்கே போகும்? கொஞ்சம் மிதக்கும். கொஞ்சம் மெத்தையில் படியும். அடுத்தவர் அந்த மெத்தையில் விழும்போது மறுபடி எழும். இப்படி ஒரே பொடி நாள் முழுவதும் ஏறி இறங்கிக்கொண்டே இருக்கும்.

ஜெர்மனியில் இதை அளந்து 2008-ல் வெளியிட்டார்கள். ஒன்பது ஏறுசுவர்க் கூடங்களையும், ஒப்பிடுவதற்காக வேறு ஐந்து விளையாட்டுக் கூடங்களையும் எடுத்துக்கொண்டார்கள். கூட்டம் மிகுந்த நேரத்தில், ஏறுசுவர்க் கூடத்தில் ஒரு கன மீட்டர் காற்றில் 'பி.எம். 10' எனப்படும் நுண்தூசி 1,000 முதல் 4,000 மைக்ரோகிராம் வரை இருந்தது. இந்தியாவில் வெளிக்காற்றுக்கு 2009-ல் விதித்த எல்லை, 24 மணி நேரச் சராசரியாக 100 மைக்ரோகிராம். உலகச் சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்ன எல்லை 45. கூடத்தில் அளந்தது சில மணி நேர அளவு. சட்டம் சொல்வது ஒரு நாள் சராசரி. ஆகவே இரண்டையும் அப்படியே தட்டில் வைத்து நிறுக்கக் கூடாது. அந்த வித்தியாசத்தைத் தள்ளிக் கொடுத்தாலும், அளவு எங்கே நிற்கிறது என்பது குழந்தைக்கும் புரியும்.

காலணியின் அடியிலிருந்து

வெள்ளைப் பொடி கண்ணுக்குத் தெரியும். 2025 ஆராய்ச்சி சொன்னது கண்ணுக்குத் தெரியாத சரக்கை. ஏறுகிறவர்கள் காலை இறுக்கிப் பிடிக்கும் காலணி போடுகிறார்கள். அதன் ரப்பர் அடி, கார் டயர் ரப்பரைப் போல உழைப்புக்கும் பிடிப்புக்கும் தயாரானது. டயரில் சேர்க்கும் ரசாயனங்கள் பலவும் இதிலும் உண்டு. பிடியில் கால் ஊன்றித் தேயும்போது கறுப்புத் தீற்றல் விழுகிறதே, அதில் கொஞ்சம் தூளாகிக் காற்றிலும் கலக்கிறது. வியன்னா கூடங்களின் காற்றிலும், பிரான்ஸ், ஸ்பெயின், சுவிட்சர்லாந்து கூடங்களின் தூசியிலும் இப்படிப்பட்ட 15 ரசாயனங்களைத் தேடினார்கள். காற்றோட்டம் குறைந்த சிறிய கூடத்தில் பலர் ஒன்றாக ஏறும்போது அளவு மிக அதிகமாக இருந்தது.

அவற்றில் ஒன்றுக்கு '6பிபிடி' என்று பெயர். ரப்பர் வெடிக்காமல் இருப்பதற்காகச் சேர்ப்பது. டயர் தேய்மானத்தில் வரும் இந்தச் சரக்கு, காற்றில் உள்ள ஓசோனுடன் சேர்ந்து மாறி, மழை நீரோடு ஆற்றில் இறங்குகிறது. அமெரிக்காவின் மேற்குக் கரையில் கோஹோ சால்மன் மீன்கள் கூட்டம் கூட்டமாகச் சாவதற்கு அதுவே காரணம் என்று 2020-ல் கண்டுபிடித்தார்கள். மீனுக்கு எமனானது மனித நுரையீரலை என்ன செய்யும் என்பதற்கு விஞ்ஞானம் இன்னும் தீர்ப்புச் சொல்லவில்லை. தீர்ப்பு வரும் வரை ஜன்னலைத் திறந்து வைப்பதற்கு யார் தடை?

மூச்சின் கணக்கு

சும்மா உட்கார்ந்திருக்கும் மனிதன் நிமிடத்துக்கு ஆறு முதல் எட்டு லிட்டர் காற்றை இழுக்கிறான். கடுமையாக உடம்பை வருத்தும்போது அது 60 லிட்டருக்கும் மேல் போகும். அப்போது மூக்கு போதாது, வாய் திறந்துகொள்ளும். மூக்கில் முடியும் ஈரமும் சேர்ந்து ஒரு வடிகட்டி இருக்கிறது. வாயில் அது கிடையாது. பெரிய துகள் தொண்டையிலும் மூச்சுக்குழாயிலும் தங்கி, சளியாகவும் இருமலாகவும் வெளியே வரும். 2.5 மைக்ரானுக்குக் குறைந்த துகளோ நுரையீரலின் கடைசி அறை வரைக்கும் போய் உட்காரும். ஒரு தலைமுடியின் பருமனில் ஏறக்குறைய முப்பதில் ஒரு பங்கு அது. ஆஸ்துமா உள்ள பிள்ளைக்கு எந்தத் தூசியும் எதிரி.

இப்போது ஒரு குமாஸ்தாக் கணக்கைப் போட்டுப் பார்க்கலாம். விளையாட வருகிறவர் இரண்டு மணி நேரம் இருக்கிறார். இளைப்பாறும் நேரத்தையும் சேர்த்து, நிமிடத்துக்குச் சராசரி 30 லிட்டர் என்று வைத்துக்கொண்டால் 3,600 லிட்டர் ஆகிறது. வாரத்தில் மூன்று நாள் வந்தால் 10,800 லிட்டர். அதே கூடத்தில் கூட்டி, துடைத்து, மெத்தை புரட்டி, எட்டு மணி நேரம் வேலை செய்கிறவர் நிமிடத்துக்கு 20 லிட்டர் இழுத்தாலும் ஒரு நாளைக்கு 9,600 லிட்டர். வாரத்துக்கு ஆறு நாள் என்றால் 57,600 லிட்டர். விளையாடுகிறவரைப் போல் ஐந்து மடங்குக்கும் மேல்!

இது தோராயக் கணக்குத்தான். ஆனாலும் யாருக்கு எவ்வளவு போகிறது என்பதைக் காட்டப் போதும். விளையாடுகிறவர் இந்தக் காற்றுக்குக் காசு கொடுக்கிறார். பிடிக்காவிட்டால் நாளை வராமல் இருந்துவிடலாம். வேலை செய்கிறவர் வராவிட்டால் அன்றைய கூலி போய்விடும்.

துடைப்பம் பிடிக்கும் கை

ஏறுசுவர்க் கூடத்தில் அதிகத் தூசி கிளம்பும் நேரம் எது? கூட்டம் மிகுந்த மாலை ஒன்று. கூடம் மூடிய பின் கூட்டிப் பெருக்கும் நேரம் இன்னொன்று. உலர்ந்த துடைப்பத்தைத் தரையில் போட்டால், படிந்து கிடந்ததெல்லாம் எழுந்து கூட்டுகிறவர் முகத்துக்கே வரும். மெத்தைகளைத் தூக்கித் தட்டினால் கேட்கவே வேண்டாம். பிடிகளைக் கழற்றி உலர்ந்த பிரஷ்ஷால் தேய்ப்பவர், சுவர் மேல் நின்று ட்ரில் போட்டு வழி மாற்றி அமைப்பவர், காலையிலிருந்து இரவு வரை சொல்லிக்கொடுக்கும் பயிற்சியாளர் எல்லோரும் இந்தக் கணக்கில் சேர்த்திதான்.

பெங்களூரில் 'ஹவுஸ்கீப்பிங்' என்ற பெயரில் துடைப்பம் பிடிக்கும் கைகளில் தமிழ்க் கைகள் நிறைய. கன்னட, தெலுங்குக் கைகளும், ஒடிசா, அசாமிலிருந்து வந்த கைகளும் உண்டு. பெரும்பாலும் காண்டிராக்டர் மூலம் வேலை. இன்று இந்த ஜிம், நாளை வேறொரு மால். நெஞ்சு அடைத்து இருமல் வந்தால், ஊர்த் தண்ணீர் ஒத்துக்கொள்ளவில்லை, பெங்களூர்க் குளிர் ஒத்துக்கொள்ளவில்லை என்று மாத்திரை வாங்கிப் போட்டுக்கொண்டு மறுநாள் வேலைக்கு வருகிறார்கள். தூசியைச் சந்தேகிப்பவர் இல்லை. ஒரே இடத்தில் நிலைக்காத தொழிலாளியின் நோய்க்கு எந்த முதலாளியும் பொறுப்பாளி ஆவதில்லை.

கோலார் சொன்ன பாடம்

தூசியின் கதை பெங்களூர்த் தமிழருக்குத் தெரியாத கதையல்ல. ரயிலேறினால் இரண்டு, மூன்று மணி நேரத்தில் கோலார் தங்கவயல். 1880-களில் கம்பெனி வந்ததிலிருந்து 2001 பிப்ரவரியில் சுரங்கம் மூடும் வரை, வட ஆற்காட்டிலிருந்தும் மற்ற ஜில்லாக்களிலிருந்தும் போன தமிழ்க் குடும்பங்கள் தலைமுறை தலைமுறையாகப் பூமிக்குள் இறங்கின. பாறைத் தூசி நெஞ்சில் படிந்து சிலிகோசிஸ் நோயால் இருமி இருமி ஓய்ந்தவர்களை அங்கே பார்த்த பெரியவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

ஏறுசுவர்க் கூடத்துப் பொடியும் சுரங்கத்துத் தூசியும் ஒன்று என்று சொல்வது அநியாயம். சுரங்கத் தூசியில் இருப்பது படிக சிலிகா; நுரையீரலைத் தழும்பாக்கிவிடும் விஷம். மக்னீசியப் பொடி அந்த ரகம் அல்ல. அந்த அளவு கெடுதல் செய்வதாக யாரும் நிரூபிக்கவில்லை. இதைச் சொல்லாமல் பயமுறுத்துவது நேர்மையாகாது.

ஆனால் சுரங்கங்கள் உலகுக்குச் சொல்லிக்கொடுத்த பாடங்கள் இரண்டு இங்கும் பொருந்தும். நுரையீரல் கெடுவது உடனே தெரியாது. தெரியும்போது திரும்பி வர வழியிருக்காது என்பது முதல் பாடம். தூசி கிளம்பும் இடத்திலேயே அதை நனைத்து அடக்கினால் பாதி வேலை முடிந்தது என்பது இரண்டாவது. பாறையைத் துளைக்கும்போது தண்ணீர் விடும் முறை அப்படி வந்ததுதான்.

செலவு பெரிதல்ல

அந்த இரண்டாவது பாடத்தை ஏறுசுவரிலும் சோதித்துப் பார்த்திருக்கிறார்கள். மக்னீசியப் பொடியை ஆல்கஹாலில் கரைத்துக் குழம்பாக விற்கிறார்கள். கையில் தடவினால் ஆல்கஹால் ஆவியாகி, பொடி மட்டும் தோலோடு ஒட்டிக்கொள்ளும். மேகம் எழாது. இந்தத் திரவப் பொடியை மட்டும் அனுமதித்தால், பொடியே வேண்டாம் என்று தடை போட்டது போல அவ்வளவு குறைவாகத் தூசி இருந்ததை ஜெர்மன் நிபுணர்கள் 2012-ல் வெளியிட்டார்கள். துணியில் கட்டிய பொடி உருண்டையால் அந்த அளவு பலன் கிடைக்கவில்லை. ஆகவே 'எங்கள் கூடத்தில் உருண்டைதான்' என்று சொல்லித் தப்பிக்க முடியாது.

அடுத்தது காற்றோட்டம். ஏ.சி. ஓடுகிறது, போதாதா என்று கேட்பார்கள். சுவரில் மாட்டும் சாதாரண ஸ்பிளிட் ஏ.சி. அறைக்குள் இருக்கும் காற்றையே இழுத்துக் குளிர வைத்து அதையே திரும்ப விடுகிறது. புதுக் காற்று ஒரு துளி வராது. கதவு, ஜன்னல், எக்ஸ்ஹாஸ்ட் விசிறி, வெளிக்காற்றை வடிகட்டி உள்ளே தள்ளும் கருவி ஆகியவைதான் காற்றை மாற்றும். பெங்களூரின் சீதோஷ்ணத்தில் வருஷத்தில் பல மாதம் ஜன்னலைத் திறந்து வைத்தாலே பாதிச் செலவு மிச்சம்.

மூன்றாவது, கூட்டும் முறை. உலர்ந்த துடைப்பத்தை மூலையில் போட்டுவிட்டு, ஈர மாப்பும், நுண்துகளைப் பிடித்துக்கொள்ளும் ஹெபா வடிகட்டி வைத்த வாக்குவம் கிளீனரும் கொடுக்க வேண்டும். கூட்டுகிறவருக்கு என்-95 முகமூடி கொடுக்க வேண்டும். துப்பட்டாவையும் முந்தானையையும் மூக்கில் சுற்றிக்கொள்வது நுண்துகளுக்குத் தடையாகாது.

நான்காவது, அளவு பார்ப்பது. நுண்தூசி அளக்கும் சிறு கருவிகள் சில ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கின்றன. கரியமில வாயுவைக் காட்டும் கருவியும் அப்படியே. வெளிக்காற்றில் அது பத்து லட்சத்தில் 420 பங்கு அளவில் இருக்கிறது. கூடத்துக்குள் ஆயிரத்தைத் தாண்டினால் காற்று மாறவில்லை என்று அர்த்தம். ஒரு மாதக் கட்டணம் எவ்வளவு என்று வாசலில் எழுதி வைக்கிறவர்கள், இன்றைய காற்று எவ்வளவு என்றும் எழுதி வைத்தால் என்ன?

சட்டம் எட்டும் தூரம்

ஆலைத் தொழிலாளியின் தூசியைப் பற்றிப் பேச 1948-ம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டத்தில் ஒரு பிரிவே இருந்தது. தூசியும் புகையும் கிளம்பும் இடத்திலேயே இழுத்து வெளியேற்ற வேண்டும் என்று அது சொன்னது. தொழில் பாதுகாப்பு, சுகாதாரம், வேலை நிலைமைகள் பற்றிய 2020-ம் ஆண்டுச் சட்டத் தொகுப்பு 2025 நவம்பரில் அமலாகி, அந்த இடத்தைப் பிடித்திருக்கிறது. பத்துப் பேர் வேலை செய்யும் இடங்களுக்கு அது பொதுவாகப் பொருந்துகிறது. குறிப்பிட்ட வகைத் தொழிலாளருக்கு வருஷம் ஒரு முறை இலவச வைத்தியப் பரிசோதனையும் உண்டு.

ஏட்டில் நன்றாகத்தான் இருக்கிறது. ஆனால் ஏறுசுவர்க் கூடம் தொழிற்சாலை மாதிரி தெரியாது. வண்ண வண்ணப் பிடியும் பாட்டும் கும்மாளமுமாக இருக்கும் இடத்தில் தூசி பார்க்க எந்த இன்ஸ்பெக்டர் வருவார்? சம்பளப் பட்டியலில் நேரடி ஆட்கள் நாலைந்து பேர், மற்றவர்கள் காண்டிராக்ட் என்றால், பத்து என்ற எண்ணிக்கை எட்டாமலே போய்விடும். வெளிக்காற்றுக்கு எல்லை விதித்த அரசு, மனிதர்கள் நாளில் பெரும்பகுதியைக் கழிக்கும் உள்காற்றுக்கும் கட்டாய எல்லை விதிக்க வேண்டும். இது ஏறுசுவருக்கு மட்டுமான கோரிக்கை அல்ல. ஜன்னல் மூடிய ஷட்டில் கூடம், தையல் கூடம், அச்சகம், பழைய பைல்கள் அடுக்கிய ஆபீஸ் ரிக்கார்டு அறை எல்லாவற்றுக்கும் இது பொருந்தும்.

சட்டம் வரும் வரை காத்திருக்கவும் வேண்டியதில்லை. கூடம் நடத்துகிறவர்கள் திரவப் பொடிக்கு மாறலாம். காண்டிராக்ட் ஆளையும் சேர்த்து, வருஷம் ஒரு முறை குழாயில் ஊதிப் பார்க்கும் நுரையீரல் சோதனைக்கு அனுப்பலாம். இ.எஸ்.ஐ. அட்டை இருக்கிறவர்கள், நாள்பட்ட இருமலோடு டாக்டரிடம் போகும்போது, என்ன வேலை, எந்த இடம், எவ்வளவு தூசி என்பதையும் சொல்லிக் குறிப்பில் எழுதச் செய்ய வேண்டும். எழுத்தில் இல்லாத நோய்க்கு எந்த ஆபீசிலும் மதிப்பில்லை.

பிள்ளையை இந்தக் கூடங்களில் சேர்க்கப் போகும் தாய் தகப்பன்மார் கட்டணம் கேட்கிறார்கள், கயிறு பலமா என்று கேட்கிறார்கள், மெத்தையை அழுத்திப் பார்க்கிறார்கள். நியாயமான கேள்விகள். அவற்றோடு இன்னும் இரண்டு கேட்கட்டும். இந்தக் கூடத்துக்குக் காற்று எங்கேயிருந்து வருகிறது? ராத்திரி இதைக் கூட்டுகிற அம்மாவுக்கு என்ன கொடுத்திருக்கிறீர்கள்? இரண்டாவது கேள்விக்குச் சரியான பதில் வரும் கூடத்தில், பிள்ளையின் நுரையீரலுக்கும் பயமிருக்காது.